பாலாற்று மணலில் ஒரு தகர உடுக்கை

கடை மேசையில் மீட்டர் கோட்டில் 330 மெகாஹெர்ட்ஸில் அழகாகக் குழி காட்டிய ஆன்டெனா, பாலாற்று மணலில் வைத்ததும் 240க்கு இறங்கிவிட்டது. ஆன்டெனாவை யாரும் மாற்றவில்லை. அதே கேபிள், அதே மீட்டர், அதே நான். மருமகன் மீட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தான். நான் என் சால்டரிங்கைச் சந்தேகப்பட்டு ஒவ்வொரு ஜாயிண்டாக ஆட்டிப் பார்த்தேன். கையில் தூக்கினால் 330. மணலில் வைத்தால் 240. தூக்கு, வை, தூக்கு, வை என்று பத்துத் தடவை செய்த பிறகுதான் உறைத்தது. கோளாறு எதுவும் இல்லை, மணலும் ஆன்டெனாவில் ஒரு பாகமாகச் சேர்ந்துகொண்டது. இருபது வருடம் மொட்டை மாடிகளில் ஆன்டெனா கட்டியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மொட்டை மாடி ஆன்டெனாவுக்குச் சுற்றிலும் காற்றுதான். தரையில் படுக்கவைத்து யாரும் தூர்தர்ஷன் பார்த்ததில்லை.

எனக்குக் காட்பாடியில் டிவி ரிப்பேர் கடை. அக்கா மகன் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறான். 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்செவரன்ஸ் ரோவரின் பின்பக்கம் ரிம்ஃபேக்ஸ் என்றொரு ரேடார் இருக்கிறது. 150 முதல் 1200 மெகாஹெர்ட்ஸ் வரை அலையைத் தரைக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து அடியில் உள்ள அடுக்குகளைப் படமாக்கும். அதுபோல ஒன்றைச் சின்ன அளவில் செய்து காட்டுவதாகக் கல்லூரியில் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றான். "ஆன்டெனா மட்டும் நீங்க பண்ணிக் குடுங்க மாமா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். 'மட்டும்' என்ற சொல்லை அன்றைக்கே நான் பிடித்திருக்க வேண்டும். மூன்று மாதத்தில் இரண்டரை மாதம் அந்த 'மட்டும்'தான் தின்றது.

மேலே பார்க்க நமக்கு ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது, 2.34 மீட்டர் கண்ணாடியோடு. கீழே பார்க்க எங்கள் பக்கம் இன்னும் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நிலத்தில் நடக்கிறவர்கள்தான். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் போர் போட வேண்டும். விரிஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரம் நிலம் வைத்திருக்கும் பெரியப்பாவுக்கு அப்படி இரண்டு போர் புகைந்துபோயின. அதனால் மருமகன் திட்டத்தைச் சொன்னதும் அவர்தான் முதலில் உற்சாகமானார். எனக்கு அந்த இடம் பிடித்ததற்குக் காரணம் வேறு. பாலாறு வருடத்தில் பெரும்பாலான நாள் மேலே காய்ந்த மணல், அடியில் தண்ணீர். ரேடார் சொல்வது உண்மையா பொய்யா என்று பார்க்க ஊற்று தோண்டினால் போதும். செவ்வாய்க்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நானோ வி.என்.ஏ. என்று கையடக்க மீட்டர் ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. ஆன்டெனாவைச் சோதிப்பதற்கென்றே வந்த சாதனம். ஒரு வாயிலிலிருந்து ஒவ்வொரு அலைவரிசையாக மெல்லிய சிக்னலை அனுப்பும். எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு இரண்டாம் வாயிலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அளவையும், அலை எவ்வளவு பின்தங்கி வந்தது என்ற கட்டத்தையும் சொல்லும். திரும்பி வருவது எந்த இடத்தில் குறைகிறதோ அங்கே கோட்டில் ஒரு குழி விழும். ஆன்டெனா சிக்னலை விழுங்கி வெளியே விடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். முதல் வாயிலில் அனுப்பும் ஆன்டெனா, இரண்டாவதில் வாங்கும் ஆன்டெனா என்று மாட்டி, 200 முதல் 750 மெகாஹெர்ட்ஸ் வரை 101 புள்ளிகள் எடுத்தோம். அதை லேப்டாப்பில் ஃபூரியே முறையில் திருப்பிப் போட்டால் அலைவரிசைக் கணக்கு நேரக் கணக்காக மாறி, எந்த நானோ செகண்டில் எதிரொலி வந்தது என்று தெரிந்துவிடும். அந்த வேலை மருமகனுடையது. பைத்தானில் நாற்பது வரி எழுதினான். சண்டையே இல்லாமல் முடிந்த ஒரே பகுதி.

750இல் ஏன் நிறுத்தினோம் என்றால், 758க்கு மேலே செல்போன் டவர்கள் கத்திக்கொண்டிருக்கின்றன. முதல் நாள் 900 வரை ஓட்டியபோது கோடு முழுக்க முள் முளைத்தது. போதாததற்கு இந்த மீட்டர் 300க்கு மேலே ஹார்மோனிக்ஸை, அதாவது தன் சிக்னலின் மடங்குகளை, வைத்து ஒப்பேற்றுகிற ரகம், மேலே போகப் போகக் கூர்மை மழுங்கும். அகலத்தை இழந்தால் நுணுக்கம் போகும். எங்களுக்குக் கிடைத்த 550 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் மணலுக்குள் சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு அடுக்குகளைத்தான் பிரித்துப் பார்க்க முடியும். தண்ணீர் மட்டம் தேட அது தாராளம்.

ஆன்டெனா வடிவம் பற்றி யோசிக்க அதிகம் இல்லை. இவ்வளவு அகல அலைவரிசைக்கு ஒல்லிக் கம்பி உதவாது. இரண்டு முக்கோணங்கள் முனையோடு முனை பார்த்தபடி இருக்கும் போ-டை வடிவம்தான் வழக்கம். நம் ஊர்க்காரன் பார்த்தால் உடுக்கை என்பான். சீனாவின் சாங்-இ 3 நிலவில் இறக்கிய யூடூ ரோவரிலும் 500 மெகாஹெர்ட்ஸுக்கு வயிற்றுக்கு அடியில் உடுக்கைதான் இருந்தது. ரிம்ஃபேக்ஸிலும் அதே குடும்பம், உலோகத்துக்குப் பதில் உலோகத்தில் வெட்டிய துளை உடுக்கை வடிவத்தில் இருக்கும்.

முதலில் அச்சகத்தில் கழித்துப்போட்ட அலுமினியத் தகட்டில் வெட்டினேன். மெல்லிசு, தட்டை, சும்மா கொடுத்தார்கள். ஆனால் அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது, அதனால் போல்ட் போட்டு முறுக்கினேன். காலையில் மொட்டை மாடியில் நன்றாக இருந்தது. பதினொரு மணி வாக்கில் குழி துள்ள ஆரம்பித்தது, ஒரு மணிக்கு இல்லாமலே போனது, சாயங்காலம் தானாகத் திரும்பி வந்தது. சித்திரை மாத வேலூர் வெயில். பித்தளை வாஷரும் அலுமினியமும் ஆளுக்கொரு அளவில் விரிந்து, இடையில் தொடர்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது.

இதைச் சொன்னபோது மருமகன் மார்சிஸ் கதையைச் சொன்னான். 2003இல் புறப்பட்ட மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தில் உள்ள ரேடார் அது. செவ்வாயின் தரைக்குக் கீழே கிலோமீட்டர் கணக்கில் பார்க்க 1.8 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை வேண்டும். 5 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளமே 60 மீட்டர். அதனால் ஆளுக்கு 20 மீட்டராக இரண்டு கண்ணாடியிழைக் குழாய்கள், மொத்தம் 40 மீட்டர், மடித்துப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். விரியும்போது குழாய் துள்ளி வந்து விண்கலத்தின் மேலேயே அடித்துவிடுமோ என்ற பயத்தில் 2005 மே வரை திறக்கவே இல்லை. திறந்தபோது முதல் குழாயின் 13 துண்டுகளில் ஒன்று மட்டும் நேராகிப் பூட்டிக்கொள்ளவில்லை. நிழலில் குளிர்ந்து விறைத்திருந்தது. விண்கலத்தைத் திருப்பி அந்தப் பக்கத்துக்கு வெயில் காட்டினார்கள், சூடேறியதும் பூட்டிக்கொண்டது. எனக்கு வெயில் கெடுத்தது, அவர்களுக்கு வெயில் சரிசெய்தது. இன்னொன்றும் கேட்டேன், அந்த 40 மீட்டரை இங்கேயே விரித்து ஒரு தடவை சோதித்துப் பார்த்திருக்கலாமே என்று. பூமியின் எடையில் அந்தக் குழாய் தன்னையே தாங்காதாம்.

இரண்டாவது ஆன்டெனாவுக்கு அக்கா வீட்டு எண்ணெய் டின். 15 கிலோ டின்னின் ஒரு பக்கத்தில் எனக்கு வேண்டிய முக்கோணம் தாராளமாக வரும், உயரம் 16 சென்டிமீட்டர், வாய் பதினெட்டரை. வெள்ளீயம் பூசிய தகடு என்பதால் ஈயம் வெண்ணெய் போல் ஒட்டும். இரும்புத் தகட்டில் இழப்பு செம்பை விட அதிகம்தான், ஆனால் இவ்வளவு அகலமான தகட்டில் அது கணக்கில் வராது. சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை கழுவினேன். அப்படியும் சால்டரிங் இரும்பு வைத்தால் கடையில் நிலக்கடலை வாசனை.

டின் தானாக நிற்காது, நெளியும். பேனர் கடையில் 5 மில்லி சன்போர்டு வாங்கி அதன் மேல் ஒட்டினேன். இரண்டு முக்கோணத்தின் முனைகளையும் 5 மில்லி தள்ளி வைத்து, நடுவில் பலூனைக் கட்டினேன். காற்றடிக்கும் பலூன் இல்லை. பழைய கூரை ஆன்டெனாக்களில் 300 ஓம் பக்கத்தையும் 75 ஓம் கேபிளையும் இணைத்த குட்டி ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர். என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தது, பதினைந்து வருடமாக யாரும் கேட்காத சரக்கு. உடுக்கை வடிவத்துக்குத் தரையில் நூறு, இருநூறு ஓம் அளவில் எதிர்ப்பு வரும், மீட்டரோ 50 ஓம். நாலுக்கு ஒன்றாக மாற்றும் பலூன் ஏறக்குறையப் பொருந்தும். பலூன் நல்லதா கெட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு பலூன்களின் 300 ஓம் பக்கத்தை ஒன்றோடொன்று இணைத்து, மீட்டரின் இரண்டு வாயிலுக்கும் நடுவில் வையுங்கள். என் டப்பாவில் நல்ல ஜோடிக்கு 700 மெகாஹெர்ட்ஸ் வரை மொத்தம் 2 டெசிபல் இழப்பு வந்தது. எட்டில் மூன்று பலூன்களில் ஃபெரைட் விரிசல் விட்டிருந்தது, அவை 400க்கு மேலே கைவிரித்துவிட்டன. கேபிளைக் கையால் தொட்டால் கோடு ஆடுகிறதா? கேபிளின் மேல்தோலும் ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். பழைய மானிட்டர் கேபிள்களிலிருந்து கழற்றிய ஃபெரைட் உருளைகளை ஐந்து ஐந்தாகப் பூட்டினேன், ஆட்டம் நின்றது.

இந்த ஜோடியோடுதான் முதல் தடவை ஆற்றுக்குப் போனோம், 330 என்பது 240 ஆனது.

அன்றைக்கு மணலில் உட்கார்ந்து மருமகன் போட்ட கணக்கு இது. அலையை ஒரு பொருள் எவ்வளவு மெதுவாக்கும் என்று சொல்லும் எண் மின்காப்பு மாறிலி. காய்ந்த மணலுக்கு அது 3.3க்குப் பக்கம், காற்றுக்கு 1. மணல் மேல் கிடக்கும் ஆன்டெனாவுக்குப் பாதி உலகம் காற்று, பாதி உலகம் மணல், ஆக இரண்டின் சராசரி. அந்தச் சராசரியின் வர்க்கமூலத்தால் 330ஐ வகுத்தால் 225 வருகிறது. நமக்கு வந்தது 240. சன்போர்டின் 5 மில்லி இடைவெளிதான் மீதிக்குக் காரணம் என்று நினைத்து, தகட்டுப் பக்கத்தைக் கவிழ்த்து மணலோடு ஒட்டவைத்தோம். 227. அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, சாமானியத்தில் டிவி ரிப்பேரில் வராது.

இது வெறும் தொல்லை மட்டும் இல்லை, லாபமும் இருக்கிறது. சின்ன ஆன்டெனாவை மணலோடு ஒட்டவைத்தால் அது தன் சக்தியைக் காற்றை விட மணலுக்குள்தான் அதிகம் கொட்டுகிறது. மூன்றேகால் மாறிலி உள்ள மணலுக்குப் புத்தகக் கணக்கு, காற்றில் ஒரு பங்கு போனால் மணலில் ஏறக்குறைய ஆறு பங்கு என்கிறது. தரைதான் இழுக்கிறது. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17இல் போனவர்கள் இதைத்தான் பயன்படுத்தினார்கள். 1 முதல் 32 மெகாஹெர்ட்ஸ் வரை அனுப்பும் பெட்டிக்கு ஆன்டெனாவாக, 70 மீட்டர் கம்பிகளை நிலவின் தரையிலேயே குறுக்கும் நெடுக்குமாக விரித்துப் போட்டார்கள். ஈரமே இல்லாத தரை என்பதால் கம்பியைக் கொடியில் மாட்ட வேண்டிய தேவை வரவில்லை.

ரோவர் அப்படிச் செய்ய முடியாது. கல்லிலும் மணலிலும் ஏறி இறங்கும்போது ஆன்டெனாவைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் எங்காவது மாட்டிக்கொள்ளும். ரிம்ஃபேக்ஸின் ஆன்டெனா தரைக்கு மேலே சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாங்களும் தெர்மாகோல் துண்டுகளை அடுக்கி ஆன்டெனாவைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். 5 சென்டிமீட்டரில் குழி 290க்குப் போனது. 10இல் 310. 30ஐத் தாண்டியதும் 330, கடை மேசையில் இருந்த அதே இடம். அதாவது உயரத்தில் ஆன்டெனா தன் குணத்தில் இருக்கும். அடியில் பாறையா மணலா என்பது அதை ஆட்டாது. முன்பின் பார்க்காத தரையில் ஓட வேண்டிய கருவிக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் கீழே புதைத்து வைத்த தாம்பாளத்தின் எதிரொலி உயரம் ஏற ஏறத் தேய்ந்தது. தரை மேலேயே ஒரு எதிரொலி வரும், அதைத் தாண்டி உள்ளே போவதும் நேர் கீழே ஒரு சின்னக் கூம்புக்குள்தான் இறங்கும். பக்கவாட்டில் உள்ளதை அது பார்க்காது. எங்கள் ஆற்றில் தரை சமம், வண்டி நாங்கள்தான், அதனால் ஒட்டவைத்தே ஓட்டுவது என்று முடிவு செய்தோம். பெர்செவரன்ஸ் என்னிடம் கேட்டிருந்தால் 60 சென்டிமீட்டர்தான் சரி என்று சொல்லியிருப்பேன்.

தாம்பாளம் பற்றிச் சொல்லவில்லையே. பெரியப்பா வீட்டு அலுமினியத் தாம்பாளத்தை 60 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தோம். ஆழம் தெரிந்த ஒரு பொருள் இருந்தால்தான் மணலில் அலையின் வேகம் தெரியும். முதல் நாள் அது கண்ணுக்கே படவில்லை. ஆன்டெனாவின் சொந்த அதிர்வுதான் காரணம். தகட்டின் ஓரத்தை எட்டிய மின்னோட்டம் திரும்பி வருகிறது, மறு ஓரத்தில் மோதி மறுபடி திரும்புகிறது, வெண்கல மணியை அடித்தால் ரீங்காரம் நிற்காதது போல. எங்கள் ரீங்காரம் 15 நானோ செகண்ட் வரை நீண்டது. மணல் வேகத்தில் அது ஒன்றேகால் மீட்டர் ஆழம். அதற்குள் எது இருந்தாலும் மூழ்கிவிடும்.

ரீங்காரத்தை அடக்க ஓரத்தை நோக்கிப் போகப் போக எதிர்ப்பைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், ஓட்டம் ஓரத்தை எட்டும் முன்பே களைத்துவிடும். 1965இல் வூ, கிங் என்ற இருவர் எழுதிய கணக்கு, இன்றைக்கும் தரை ரேடார் செய்பவர்கள் அதைத்தான் தொடங்குமிடமாக வைக்கிறார்கள். நான் ஒவ்வொரு முக்கோணத்தையும் குறுக்காக மூன்று இடத்தில் 2 மில்லி வெட்டி, வெட்டின் மேல் பாலம் போல 1206 சைஸ் சிப் ரெசிஸ்டர்களை வரிசைக்கு ஐந்தாக வைத்தேன். உள் வரிசைக்கு 47 ஓம், நடுவுக்கு 120, வெளிக்கு 330. முதல் ஜோடியில் தகட்டை வெட்டி ரெசிஸ்டர் ஒட்டிய பிறகு போர்டில் ஒட்டினேன். தகடு நெளிந்ததில் பாதி ரெசிஸ்டர்கள் நடுவில் முறிந்தன, அதுவும் கண்ணுக்குத் தெரியாமல். முதலில் தகட்டைப் போர்டில் ஒட்டி, பசை காய்ந்த பிறகு வெட்டி, அதற்குப் பிறகு ரெசிஸ்டர் வையுங்கள். மூன்று நாள் போனது எனக்கு.

ரீங்காரம் 6 நானோ செகண்டுக்குச் சுருங்கியது. சிக்னல் உயரமும் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது, ரெசிஸ்டர்கள் சூடாக்கித் தின்றுவிட்டன. ஆனாலும் ஏழரை நானோ செகண்டில் தாம்பாளம் வளைந்த புருவம் மாதிரி திரையில் வந்து நின்றது. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவில் 30 சென்டிமீட்டர் இடைவெளி. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வேகம் நானோ செகண்டுக்கு 16.5 சென்டிமீட்டர், மாறிலி 3.3. பெரியம்மா தாம்பாளம் எங்கே என்று கேட்டதற்கு மருமகன் "ஏழரை நானோ செகண்ட்ல இருக்குது பாட்டி" என்றான். அந்த பதில் எடுபடவில்லை.

அன்று மாலை 6 மீட்டர் கயிற்றில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு பெயிண்ட் புள்ளி வைத்து, புள்ளி புள்ளியாக ஆன்டெனாவை நகர்த்தி முழுக் கோட்டையும் எடுத்தோம். படத்தில் 27 நானோ செகண்டில் அருமையான ஒரு அடுக்கு. ஆழம் 2.2 மீட்டர், சீராக, கொஞ்சம் சரிவாக. மருமகன் துள்ளினான். பெரியப்பா மண்வெட்டியை எடுத்துவிட்டார். எனக்கு மட்டும் அந்தச் சரிவு உறுத்தியது. கயிற்றுக்குப் பக்கத்தில் நான்கு மீட்டர் தள்ளி என் எக்ஸெல் வண்டி நின்றது. காற்றில் அலை நானோ செகண்டுக்கு 30 சென்டிமீட்டர் ஓடும். நான்கு மீட்டர் போய் நான்கு மீட்டர் வர 27 நானோ செகண்ட். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கரையில் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தோம். அடுக்கு காணோம்.

வெட்கப்பட வேண்டியதில்லை என்று மருமகன் ஆறுதல் சொன்னான். யூடூ ரோவரில் 60 மெகாஹெர்ட்ஸுக்கு உடுக்கை கட்ட முடியாது, அவ்வளவு பெரிதாகிவிடும். அதனால் பின்புறம் கம்பி ஆன்டெனாக்களை நீட்டியிருந்தார்கள். அந்தப் படத்தில் ஆழத்தில் தெரிந்த சில அடுக்குகள் நிலத்திலிருந்து வந்தவை அல்ல, கருவியில் பிறந்த போலிகள் என்று 2018இல் ஆய்வாளர்களே கட்டுரை எழுதினார்கள். அவர்களால் ரோவரைக் கரையில் நிறுத்திவிட்டு வர முடியாதே.

வண்டியின் எதிரொலி வந்தது ஆன்டெனாவின் முதுகுப் பக்கம் வழியாக. முதுகை மூட வேண்டும். மிச்சமிருந்த டின்களைக் கொண்டு 10 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மூடி செய்து கவிழ்த்தேன், குழி இருந்த இடமே தெரியாமல் நாசமாயிற்று. 250 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.2 மீட்டர். அதற்கு முன் 10 சென்டிமீட்டர் என்பது முதுகோடு ஒட்டிய சுவர்தான், எதிரொலி உடனே திரும்பி வந்து ஆன்டெனாவை அமுக்கிவிடுகிறது. ஐசி கால்களைக் குத்திவைக்கும் கறுப்பு ஃபோம் இருக்கிறதே, அதில் கரி கலந்திருக்கும். கடையில் இருந்ததையெல்லாம் பொறுக்கி மூடிக்குள் அடைத்தேன். முழுதாகச் சரியாகவில்லை, ஆனால் வண்டி மங்கியது, மணல் மங்கவில்லை. இதற்கு மேல் மெனக்கெட எனக்குப் பொறுமை இல்லை. வண்டியைத் தூரத்தில் நிறுத்துவது சுலபம்.

மூன்றாவது பயணத்தில்தான் தண்ணீர் கிடைத்தது. 21 நானோ செகண்டில், வளையாமல், கோடு முழுக்க ஒரே மட்டத்தில், கறுத்த பட்டை. தாம்பாள வேகத்தில் 1.73 மீட்டர். நான்கு பேர் மாற்றி மாற்றி ஊற்று தோண்டினோம். சுமார் 1.45இல் மணல் நிறம் மாறி உருண்டை பிடிக்க வந்தது. 1.60இல் தண்ணீர் கசிந்து தேங்கியது. பதின்மூன்று சென்டிமீட்டர் தப்பு. காரணம் புரிந்தபோது கோபம் வரவில்லை. வேகத்தை மேல் 60 சென்டிமீட்டர் காய்ந்த மணலில் எடுத்தோம், கீழே போகப் போக ஈரம், ஈரத்தில் அலை மெதுவாகப் போகும், நாங்கள் அதையும் வேகமாகப் போனதாக வைத்து ஆழத்தைக் கூட்டிவிட்டோம். பெரியப்பா கையை விட்டு ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார். லேசாக உப்புக் கரித்தது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷெட்டுகளின் கழிவு பாலாற்று நிலத்தடி நீரில் இறங்கிய கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பும் வந்த ஊரறிந்த விஷயம். உப்பு ஏறிய தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், ரேடார் அலையைக் குடித்துவிடும். எங்கள் படத்திலும் நீர்மட்டத்துக்குக் கீழே எதுவும் இல்லை, வெறும் இரைச்சல்.

2019இல் நிலவின் மறுபக்கத்தில் இறங்கிய சாங்-இ 4இன் ரோவர், எங்களுடையதைப் போன்ற அலைவரிசையில், 500 மெகாஹெர்ட்ஸில், 40 மீட்டர் ஆழம் வரை பார்த்தது. எங்களுக்கு 1.60தான் எல்லை. அவர்களுடைய மின்னணுச் சாதனம் என்னுடையதைவிட எத்தனையோ மடங்கு உசத்தி, அதை மறுக்கவில்லை. ஆனால் பெரிய வித்தியாசம் நிலத்தில்தான். அங்கே ஒரு சொட்டு ஈரம் இல்லை.

தோண்டிக்கொண்டிருக்கும்போதுதான் கிராம உதவியாளர் வந்தார். ஆற்றுக்குள் மண்வெட்டியோடு நாலு பேர், பக்கத்தில் மணல் குவியல். "இன்னா, மணல் அள்றீங்களா?" என்று வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார். மருமகன் செவ்வாய் கிரகத்திலிருந்து ஆரம்பித்தான், அது உதவவில்லை. பெரியப்பா "ஊத்துப்பா, ஊத்து, மூடிட்டுப் பூடுவோம்" என்றார், அது உதவியது. பிறகு அவரும் இறங்கி வந்து திரையைப் பார்த்தார். புதையல் தெரியுமா என்று கேட்டார். தாம்பாளம் தெரியும் என்றேன்.

அடுத்து பெரியப்பா நிலத்தில் ஒரு கோடு. அங்கே ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் ஆற்றில் பார்த்ததைவிடப் பளிச்சென்று ஒரு பட்டை. தண்ணீர் என்று அவர் முகம் மலர்ந்தது. தோண்டினால் களிமண். பிசுபிசுவென்று ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் களிமண்ணும் தண்ணீர் போலவே பளபளக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். 2018இல் மார்சிஸ் செவ்வாயின் தென் துருவப் பனிக்கு அடியில் ஒன்றரை கிலோமீட்டரில் பளிச்சென்ற எதிரொலி ஒன்றைக் கண்டு, அங்கே திரவ நீர் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு வந்த கட்டுரைகள் களிமண் வகையாகவும் இருக்கலாம், உப்புப் பனியாகவும் இருக்கலாம் என்று மல்லுக்கு நிற்கின்றன. பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "அவங்களும் தேங்கா வெச்சிப் பாக்கட்டும்" என்றார்.

கல்லூரியில் மதிப்பெண் வந்துவிட்டது, நன்றாகவே. ஆன்டெனா கடைக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்போது ஒரு பழைய வாஷிங் மெஷின் தொட்டியை அறுத்து அகலமாக்கி மேசையில் வைத்து, மணல் நிரப்பி, அதன் மேல் வைத்துத்தான் ரெசிஸ்டர் மாற்றுகிறேன். காற்றில் தொங்கவிட்டு ட்யூன் செய்த காலமெல்லாம் வீண். 25 சென்டிமீட்டர் மணல்தான், தொட்டியின் அடி மூன்று நானோ செகண்டிலேயே எதிரொலிக்கும், ஆனால் குழி எங்கே விழுகிறது என்று பார்க்க அது போதும். ரிமோட் ரிப்பேருக்கு வருகிறவர்கள் கடையில் எதற்கு மணல் என்று கேட்கிறார்கள். ஆற்று மணல் இல்லை, எம்-சாண்ட், ஹார்டுவேர் கடையில் இரண்டு மூட்டை வாங்கினேன். பில்லை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், வாசலிலிருந்தே தெரிகிற மாதிரி.